கூரையும் அத்திவாரமும்

பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டும் என்று எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கிய ஆராய்ச்சி ஒன்றை எழுதி அனுப்புவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது வண்டிகளின் கூரையைப் பற்றி. எம் சங்கத்திலே பொறியியலாளர் உளர், பஸ் முதலாளிமார் உளர், கமக்காரரும் உளர். அவர்கள் முன்னிலையில் இப்பொருளை யாம் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். எனினும் இதனை எழுதுவதற்கு எமக்கொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கூரை என்பது வெயிலையும் மழையையும் தடுப்பது. எம் முன்னோர் மாட்டு வண்டிக்குக் கூடாரம் கட்டியதும் அதன்பொருட்டே. எம் யாழ்ப்பாணத்துத் தட்டிவான்களின் மரக்கூரையோ மேலும் ஒரு தொழில் செய்தது. சந்தைக்குச் செல்லும் மூட்டைகள் அதன்மேல் ஏறின. ஆனால் வண்டி கவிழும்போது கூரையின் இயல்பு முற்றிலும் மாறுகின்றது. மேலிருந்தது கீழாகின்றது, கூரையே அத்திவாரமாகின்றது. வண்டியின் பாரம் முழுவதும் அதன் தூண்களின்மேல் வந்து விழுகின்றது. அத்திவாரமாக வேண்டியதை வெறுங் குடையாகக் கட்டினால் உள்ளிருப்போர் என் ஆவர்?

வீடு கட்டுவோர் தூணும் வளையும் கைமரமும் ஒன்றையொன்று தாங்குமாறு பொருத்துவர். காரின் கூரையும் அத்தகையதே. முன்கண்ணாடியின் இரு மருங்கும் இரண்டு தூண்கள், கதவுகளுக்கிடையே இரண்டு, பின்னால் இரண்டு. அவற்றின் தலைகளை இணைக்கும் நீள்வளைகள். குறுக்கே ஓடும் வளைகள். இவை பெரும்பாலும் மெல்லிய உருக்குத் தகட்டைப் பெட்டிபோல மூடி ஒட்டிய குழாய்களே. கடதாசித் தாள் ஒன்றை நிமிர்த்தி வைத்தால் அது சாயும். அதனையே சுருட்டிக் குழாயாக்கி நிறுத்தினால் ஒரு புத்தகத்தைத் தாங்கும். ஆனால் அக்குழாயில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டாலோ அதன் பலம் உடனே போய்விடும். கூரைத் தூண்கள் தளர்வதும் இவ்வாறே. ஆதலின் மடிப்பு விழக்கூடிய இடங்களிலே உள்ளே மற்றுமொரு தகட்டை வைப்பர். அன்றியும், போரன் கலந்த உருக்கைச் செஞ்சூட்டிலே அச்சில் அழுத்தி விரைவாகக் குளிர்வித்தால் அது சாதாரண உருக்கினும் நான்கைந்து மடங்கு வலிமை பெறும். 2002 ஆம் ஆண்டு வெளிவந்த வொல்வோ எக்ஸ்சி 90 என்னும் வண்டியின் கூரையமைப்பிலே போரன் உருக்கு இடம்பெற்றது.

தூணைப் பருமனாக்கிவிட்டால் போதாதோ எனச் சிலர் எண்ணலாம். தூண் பருத்தால் சாரதியின் பார்வை மறைந்து, வீதியைக் கடக்கும் பிள்ளை தெரியாமற் போகும். கூரை கனத்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வண்டி கவிழ்வதே எளிதாகும். மெலிந்தும் இருத்தல் வேண்டும், வலிந்தும் இருத்தல் வேண்டும் என்பதே இத்தொழிலின் இடர்ப்பாடு.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1973 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதியொன்று, காரின் கூரையின் முன்பக்கத்து ஓரத்தைத் தட்டையான பாளத்தால் அழுத்திச் சோதிக்குமாறு கூறியது. வண்டியின் நிறையில் ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்குமுன் கூரை 5 அங்குலத்துக்கு மேல் அமிழ்தல் ஆகாது. அச்சோதனை ஒரு பக்கத்தோடு முடிந்தது. கவிழும் வண்டியோ ஒரு பக்கத்தோடு நில்லாது. முதற்பக்கம் நிலத்தில் மோதுகையிலே முன்கண்ணாடி உடைகின்றது. அக்கண்ணாடியும் கூரைக்கு ஒரு துணையாதலின், அது போனபின் மறுபக்கம் வலி குன்றிய நிலையிலே மோதுகின்றது. இவ்விதி திருந்துவதற்கு 36 ஆண்டுகள் சென்றன. 2009 ஆம் ஆண்டிலே இலகுவான வண்டிகளுக்கு ஒன்றரை மடங்கு மூன்று மடங்காயிற்று. இரு பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தலும் கட்டாயமாயிற்று. பஸ் வண்டிகளுக்கு ஐக்கிய நாடுகளின் 66 ஆம் ஒழுங்குவிதி உண்டு. பஸ்ஸை மேடையொன்றிலே மெல்லச் சாய்த்து, 800 மில்லிமீற்றர் ஆழமுள்ள பள்ளத்திலே விழச் செய்வர். பிரயாணிகளுக்கென அளந்து வைத்த வெளிக்குள் தூணோ கூரையோ புகுதல் ஆகாது.

கூரையின் வலிமைதான் உயிரைக் காக்கின்றதோ என்னும் வினாவும் எழுந்தது. 1980 களிலே அமெரிக்காவில் மலிபு என்னும் கார்களை, சிலவற்றிற்கு இரும்புக் கூடு பொருத்தியும் சிலவற்றை உள்ளவாறே விட்டும், உருட்டிச் சோதித்தனர். தலைகீழான பிரயாணி தன் பாரத்தோடு கூரையை நோக்கி விழுதலே கழுத்து முறிவுக்கு ஏது என உற்பத்தியாளர் பக்கத்து ஆய்வாளர் கூறினர். கூரை உட்புகுதலே ஏது என, அதே பதிவுகளைக் கொண்டு, மற்றொரு சாரார் வாதித்தனர். 2008 ஆம் ஆண்டிலே அந்நாட்டுக் காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு ஆய்வகம், 11 வகை வண்டிகளின் கூரைப் பலத்தையும் அவை கவிழ்ந்த விபத்துக்களையும் ஒப்பிட்டு, பலமான கூரையுள்ளவற்றிற் கடுங்காயம் குறைவு என்று கண்டது. ஆசனப்பட்டியின்றிக் கூரையும், கூரையின்றி ஆசனப்பட்டியும் முழுப்பயன் தாரா என்பதே எம் துணிபு.

இனி, யாம் சொல்வதாகக் கூறிய காரணம். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் வன்னியிலே கமஞ் செய்து வந்தார். சில ஆண்டுகளுக்கு முன், வாய்க்கால் வரம்பொன்றிலே உழவு இயந்திரம் புரள, அதன்கீழ் அகப்பட்டு இறந்தார். சாரதிக்கு மேலே எவ்விதச் சட்டமும் இல்லாத பழைய இயந்திரம் அது. வரம்பின் உயரமோ இடுப்பளவே. செத்த வீட்டிலே பலரும் விதி என்றனர். யாம் மறுத்துப் பேசவில்லை. அது பேசும் இடமன்று. ஆனால் சுவீடன் தேசத்தார் 1959 ஆம் ஆண்டிலேயே புதிய உழவு இயந்திரங்களுக்குக் காப்புச் சட்டம் வேண்டும் என விதித்தனர் என்பதையும், அதன் பயனாக அந்நாட்டிலே இவ்வகை மரணம் மிக அருகிப் போயிற்று என்பதையும் பின்னர் அறிந்தபோது எம் மனம் ஆறவில்லை. எம் நண்பர் பிறக்குமுன்னரே அவரைக் காக்கும் வழியை உலகம் அறிந்திருந்தது.

அண்மையிலே எம் தமையனார் மகன் புதிய உழவு இயந்திரம் ஒன்று வாங்கினான். அதன் பின்புறத்தே இரு தூணும் ஒரு வளையுமாகக் காப்புச் சட்டம் நின்றது. “சித்தப்பா, இந்தச் சட்டம் கொட்டில் வளையிலே இடிபடுகிறது. கழற்றி வைத்தால் என்ன?” என்று கேட்டான். இயந்திரம் புரளும்போது அச்சட்டம் தான் வளைந்து மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் என்பதையும், ஆசனப்பட்டியைக் கட்டியிருந்தாலே அதன் காவலுக்குள் இருக்கலாம் என்பதையும் யாம் விளக்கினோம். ஆபத்து வந்தாற் குதித்துவிடலாம் என்றான். பின்பக்கமாகக் கவிழும் இயந்திரம் ஏறக்குறைய ஒன்றரை விநாடியிலே கவிழ்ந்து முடியும். குதிக்க நினைப்பதற்கே அக்காலம் போதாது என்றோம். “கொட்டிலை உயர்த்து, சட்டத்தைத் தொடாதே.” அவன் செலவைக் கணக்கிட்டு முகஞ் சுளித்தான். ஆயினும் அடுத்த போகத்துக்கு முன் கொட்டிலின் வளை இரண்டடி உயர்ந்தது.

எம் கல்லூரியன்னையின் மைந்தர்களே! உங்களுட் பலர் இன்று வண்டிகளை வாங்குவோராகவும், பழுது பார்ப்போராகவும், பிறரை ஏற்றிச் செல்வோராகவும் உள்ளீர்கள். உங்கள் பஸ்ஸின் தூண்கள் துருப்பிடித்திருப்பின் பூச்சுப் பூசி மறையாதீர்கள். கூரைமேற் பாரம் ஏற்றுமுன் ஒருமுறை சிந்தியுங்கள். உழவு இயந்திரத்தின் காப்புச் சட்டத்தைப் பழைய இரும்புக்கு விற்காதீர்கள். இவ்விழாவிலே ஒருவரையொருவர் கண்டு மகிழும் யாம், அடுத்த விழாவிலும் ஒருவர் குறையாது கூடுதல் வேண்டும் என்பதே எம் வேண்டுதல்.