குகைக்கு வாடகை

உல்லாசப் பிரயாணத்தில் இரண்டு பாகங்கள் உண்டு. போவது ஒன்று, போவதற்குத் திட்டம் போடுவது மற்றொன்று. இரண்டாவதில் செலவு குறைவு, கால் வலிக்காது, கப்பலில் தலை சுற்றாது. ஆகையால் அநேகம் பேர் அத்துடன் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நானும் என் மனைவியும் முப்பது வருஷங்களாக அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள். காசிக்கும் காஷ்மீரத்துக்கும் நாங்கள் போட்ட திட்டங்களைச் சேர்த்து பைண்டு செய்தால் ஒரு தொடர்கதையின் பருமன் வரும்.

இந்தத் தடவை சமாசாரம் வேறு. என் பழைய கதை ஒன்றைத் தொலைக்காட்சித் தொடருக்காக வாங்கிக்கொண்டார்கள். கதாசிரியன் கைக்கு எதிர்பாராத பணம் வருவது ஆடி மாதத்தில் முகூர்த்தம் வருகிற மாதிரி. மொட்டை மாடியில் ஒழுகும் இடத்தைச் சரி செய்யலாம் என்றேன்.

"ஒழுகட்டும்" என்றாள் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். "எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் விலையைக் கேட்டுவிட்டு அப்புறம்தான் சாமானைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வாரம், முதலில் சாமானைப் பார்க்கணும்."

இதற்கு மேல் மாடியைப் பற்றிப் பேச முடியுமா?

தீவைத் தேர்ந்தெடுத்தது பல் வைத்தியர் வீட்டுக் காலண்டர். பல் பிடுங்கக் காத்திருந்த அரைமணி நேரத்தில் அந்தப் படத்தை அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். செங்குத்தான மலை விளிம்பில் வெள்ளை வெளேரென்று வீடுகள், நீலக் குவிமாடங்கள், எங்கேயோ அதல பாதாளத்தில் கடல். சாந்தோரினி என்று பெயர். கிரீஸ் தேசத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலின் ஒரு கையாகிய ஏஜியன் கடலில் இருக்கிறது. பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர்தான். ஏறத்தாழ 3,600 வருஷங்களுக்கு முன் நடுவே இருந்த எரிமலை வெடித்து, உள்ளே சரிந்து, கடல் புகுந்துவிட்டது. மிஞ்சிய விளிம்புதான் இன்றைய தீவு. அந்த எரிமலை செத்துப் போய்விடவில்லை. கடைசியாக 1950இல் கக்கியிருக்கிறது.

பேய்க் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணங்களுக்கு அந்தத் தீவு ஒரு காலத்தில் பெயர் போனது. 'சாந்தோரினிக்கு ரத்தக் காட்டேரியைக் கொண்டு போகாதே' என்ற கருத்தில் கிரேக்கர்களிடையே ஒரு பழமொழி உண்டாம். நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்கிறோமே, அந்த மாதிரி.

என் மனைவிக்கு முழங்கால் வலி. ஆகவே முதல் ஆராய்ச்சி படிகளைப் பற்றியது. உல்லாசக் கப்பல்காரர்கள் இறங்கும் பழைய துறையிலிருந்து ஃபிரா என்ற தலைநகருக்கு ஏற, அறுநூறுக்குச் சற்றுக் குறைந்த படிகள். கழுதைச் சவாரி உண்டு. ஆனால் 2018இல் அந்த அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது: கழுதை மேல் 100 கிலோ அல்லது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஏற்றக் கூடாது. என் எடை 82 கிலோ. ஐந்தால் பெருக்கினேன். 410 கிலோ கழுதையை எங்கே தேடுவது? நல்ல வேளை, கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் வண்டி இருக்கிறது. ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து படகில் வந்தால் வேறு துறையில் இறங்கி பஸ்ஸிலேயே மேலே போய்விடலாம். கழுதை பிழைத்தது.

அடுத்தது அறை. இங்கேதான் எங்கள் திட்டம் ஒரு வாரம் அசையாமல் நின்றது.

காலண்டரில் இருந்தது ஓயா என்ற ஊர். அங்கே மிகவும் உயர்ந்த அறை எது தெரியுமா? குகை! எரிமலைச் சாம்பல் இறுகிய மலைச்சரிவைக் குடைந்து செய்த அறை. குறுகலான முகப்பு, நடுவில் கதவு, இருபுறமும் ஜன்னல், கதவுக்கு மேல் ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியாக வரும் வெளிச்சம் பின்னறைக்குப் போக வேண்டும். தீவில் உத்தரத்துக்கு மரம் கிடையாது. ஆகவே கூரை வில் மாதிரி வளைந்திருக்கும். வெயிலில் குளுகுளு, குளிரில் கதகதப்பு. இதற்கு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவுக்கு 1,000 யூரோவுக்கு மேல் கேட்கும் ஓட்டல்கள் இருக்கின்றன. நம் கணக்கில் சுமார் ஒரு லட்ச ரூபாய். ஐந்து நட்சத்திர ஓட்டலானால் அதற்கு மேல் சர்க்கார் வரி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரவுக்கு 15 யூரோ.

அந்தக் குகைகளை வெட்டியவர்கள் ஏழைகள். பாய்மரக் கப்பல் காலத்தில் ஓயாவில் கப்பல் தலைவர்கள் மேட்டில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். கல்லும் மரமும் வாங்க வக்கில்லாத மாலுமிகள் சரிவைக் குடைந்து குடியிருந்தார்கள். நீராவிக் கப்பல் வந்ததும் தலைவர்களின் செல்வமும் கரைந்தது. 1956 ஜூலை 9ஆம் தேதி விடியற்காலையில் பெரிய பூகம்பம், ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வீடுகள் சரிந்தன, ஜனங்கள் ஏதென்ஸுக்கும் வெளிநாடுகளுக்கும் பிழைக்கப் போனார்கள். இடிந்து கிடந்த ஓயாக் குகைகள் சிலவற்றை 1970களில் கிரேக்க அரசாங்கத்தின் உல்லாசப் பிரயாண ஸ்தாபனம் பழுது பார்த்து விருந்தினர் விடுதிகள் ஆக்கிற்று. அதற்கப்புறம் நடந்ததைத்தான் காலண்டரில் பார்க்கிறோம்.

இதைப் படித்ததும் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஆயிற்று. ஒருவன் வேறு வழியில்லாமல் படுத்த பொந்தில், இன்னொருவன் லட்ச ரூபாய் கொடுத்து 'ஆகா' என்று படுப்பதா? குகை வேண்டாம், சாதாரண அறையாகப் பார்க்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"தஞ்சாவூர்க் கோபுரத்துக்குக் கல் தூக்கினது ராஜாவா?" என்றாள் அவள். "அதை மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து மூன்று கட்டுரை எழுதினீர்களே! எனக்குக் குகைதான். இரண்டு ராத்திரியாவது."

ஆனால் அவளுக்கும் சில கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு நீல நீச்சல் தொட்டி இருக்கிறதே, அந்த ஊரில் ஆறு எங்கே ஓடுகிறது என்று கேட்டாள். ஆறே கிடையாது. அந்தக் காலத்தில் மழை நீரைக் கூரையிலிருந்து பிடித்துத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேர்த்து வைத்தார்கள். இப்போது கடல் நீரை உப்புப் பிரித்துக் குழாயில் விடுகிறார்கள். 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டபோது தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் வரிசையில் நின்றவள் அவள். அறை வாசல் தொட்டி எங்கள் திட்டத்திலிருந்து அப்போதே விலகிவிட்டது. எனக்கும் நீந்தத் தெரியாது, மகிழ்ச்சிதான்.

இரண்டாவது கேள்வி: "அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா?"

ஓய்வு பெற்றாலும் புத்தி எங்கே போகும்! இருக்கிறது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் 15,000 பேர் சுமாருக்கு. ஒரு வருஷத்தில் வந்து போகிறவர்களோ முப்பது லட்சத்துக்கு மேல். 2025 முதல் உல்லாசக் கப்பலில் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல் வரக் கூடாதென்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் படுக்க இடம் வேண்டும். வீட்டுக்காரர்கள் வீட்டை நாள் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். தீவுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் டாக்டர்களும் வீடு கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். கிடைத்தாலும், கோடை ஆரம்பமாகும்போது காலி செய்ய வேண்டும் என்பது சில இடங்களில் நிபந்தனை.

மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு முதல் வேலை ஒரு சிறிய க்ஷேத்திரத்தில். உற்சவம் வந்தது. பத்து நாளைக்கு யாத்ரீகர்கள் கொடுக்கும் வாடகை அவளுடைய ஆறு மாத வாடகை. வீட்டுக்காரர் மிக மரியாதையாக, "டீச்சரம்மா, பத்தே பத்து நாள்" என்றார். டிரங்குப் பெட்டியுடன் பள்ளிக்கூட அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, அங்கேயே பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கிறாள். அந்தப் பத்து நாளும் ஊரில் ஒரே வாணவேடிக்கை.

அரைமணி கழித்து அவள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்தாள். தனி வீடு எதையும் எடுப்பதில்லை. ஓட்டலாகவே நடக்கும் ஓட்டல்தான். ஜூலை, ஆகஸ்டு வேண்டாம். அந்த மாதங்களில் 'மெல்தேமி' என்ற வடகாற்று வேறு ஆளைத் தள்ளும். அக்டோபர் இரண்டாம் வாரம். குகையில் இரண்டு இரவு, அதில் பேரம் கிடையாது. பாக்கி நாலு இரவு உள்நாட்டில் பிர்கோஸ் என்ற மேட்டு ஊரில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில். அங்கே திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. காற்றுக்குப் பயந்து தரையிலேயே கூடை மாதிரி சுற்றி முடைந்துவிடுகிறார்கள். பழம் கூடைக்குள் பத்திரமாக இருக்கும். மழை போதாத ஊரில் இரவுப் பனியை எரிமலை மண் உறிஞ்சி வேருக்குக் கொடுக்குமாம்.

அக்ரோதிரிக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்று நான் கேட்டேன், கிடைத்தது. 1967இல் மரினாட்டோஸ் என்ற ஆராய்ச்சியாளர் சாம்பலுக்கடியிலிருந்து தோண்ட ஆரம்பித்த ஊர் அது. மாடி வீடுகள், தெரு, சாக்கடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. மனித எலும்புகள் மட்டும் அகப்படவில்லை. ஆபத்து வருவதை அறிந்து ஜனங்கள் முன்பே வெளியேறியிருக்க வேண்டும் என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தீவு ஓயாமல் நடுங்கியபோதும் 11,000 பேருக்கு மேல் படகிலும் விமானத்திலும் கிளம்பினார்கள், பிறகு அடங்கியது. "நாம் போகும்போது நடுங்கினால்?" என்றேன். "எல்லோரும் போகிற படகில் நாமும்" என்றாள்.

விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ. அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். அங்கே உயிர் போனால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்கும். காட்டேரிப் பழமொழியின் ஞாபகம் வந்தது.

சாப்பாட்டைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அந்தத் தீவின் சிறப்புப் பண்டம் 'பாவா' என்ற மஞ்சள் பருப்பு. குழைய வேகவைத்து, வெங்காயமும் எண்ணெயும் விட்டுக் கொடுக்கிறார்கள். குட்டித் தக்காளியில் வடை மாதிரி ஒன்று சுடுகிறார்கள். வெள்ளைக் கத்திரிக்காயும் உண்டு. பருப்பில் பெருங்காயம் போட மாட்டார்களே என்பது ஒன்றுதான் இப்போது பாக்கி. டப்பாவைக் கைப்பையில் வைத்தால் விமானம் முழுவதும் மணக்கும், பெரிய பெட்டியில் வைத்தால் என் சட்டையெல்லாம் மணக்கும் என்று நேற்று இரவு பத்து மணி வரை விவாதம் நடந்தது. சட்டைதான் என்று தீர்மானமாகியிருக்கிறது.