பரணியில் நுரைத்தது

திராட்சைத் தோட்டம் என்று சொல்லும்படி தாமிரபரணிக் கரையில் எதுவும் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் பாயும் இடம் வரைக்கும் நெல், வாழை, வெற்றிலை. அது எட்டாத தெற்கே சிவந்த தேரிமணலும் பனையும். ஆனாலும் நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றில் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஒரு பரணியில் திராட்சை ஊறத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் அதைப் போட்டவள் அம்மாவைப் பெற்ற ஆச்சி. ஒயின் என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை. ரசம் என்பாள்.

பழம் கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை. மேற்கு மலையடியில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று நீளும் தோட்டங்கள் அவை. 1895-ல் பெரியாறு அணை வந்து, மேற்குக் கடலுக்குப் போன தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதால் பசுமையான பள்ளத்தாக்கு அது. அந்தப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ரகம் நம்முடையதல்ல. மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்த கலப்பு.

ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கிவிடும். ஆண்டுக்கு ஒரு விளைச்சல்தான். அதனால்தான் அங்கே எந்த ஆண்டு ஒயின் என்று கேட்கிறார்கள். கம்பத்தில் கொடியைத் தூங்கவைக்கக் குளிர் இல்லை. கவாத்து செய்து எழுப்புகிறார்கள். நாலு மாதத்தில் குலை தயார். ஒரு தோட்டத்தில் பூக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த ஆண்டு, போன ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தப் பழத்தின் குணம் அப்படியே ரசத்திலும் இறங்கும். நிறம் அடர்த்தியாக வராது. நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு குறைவு. பத்து வருஷம் வைத்துக் குடிக்கிற சரக்கல்ல. ஆனால் மணம் இருக்கிறதே, அது வேறு. ரோஜாவில் இருக்கும் ஜெரானியாலும் லினலூலும் மஸ்கட் இனத் திராட்சைகளிலும் உண்டு. வேதியியல் படிக்காமலே நம் ஆட்கள் அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆச்சி பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பரணியில் போட்டு மத்தால் மசிப்பாள். சீனி, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். வாயை வேட்டித் துணியால் கட்டிவிடுவாள். மறுநாளே நுரை கிளம்பித் தோல் எல்லாம் மேலே வந்து மிதக்கும். தினம் ஒருதரம் மரக்கரண்டியால் அமுக்குவது என் வேலை.

"நல்லா அமுக்குல. தோல்லதாம்ல சாயம் இருக்கு."

இதையெல்லாம் செய்தவள் ஒரு பனையேறியின் மகள். அவளுடைய ஐயா தளைநாரும் முருக்குத்தடியும் அருவாப்பெட்டியுமாகக் காலையும் மாலையும் பனையேறியவர். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அதே நுரை. அதற்குப் பெயர் கள். சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிற அதே ஈஸ்ட்தான் அங்கேயும் வேலை செய்கிறது. சீனியும் வேண்டாம், கோதுமையும் வேண்டாம்.

அவர் கள் குடிக்கிறவர் என்று யாரோ சொல்ல, ஊர்க் கோயிலில் ஆறு மாதம் அவருக்கு இராப்போஜனம் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆச்சிக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. ஐயாவோடு தானும் எழுந்திருக்காமல் இருந்தாளாம். கல்லூரியில் படிக்கிற மிதப்பில் ஒரு நாள் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான ஆச்சி?"

"ஒண்ணாத்தான் இருக்கும். அது எங்க ஐயா எறக்குனது. இது கோயில்ல குடுக்கது." துணியை இழுத்துக் கட்டிவிட்டுச் சொன்னாள்: "எங்க ஐயாவுக்கு இதையும் குடுக்கல."

அதன்பிறகு அவள் ஏன் அதை ரசம் என்று மட்டுமே சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஒரே நுரைக்கு இரண்டு பெயர். ஒரு பெயரில் மரியாதை, இன்னொன்றில் அவமானம். மரியாதை கிடைத்த பெயர் வெளியூர்ப் பழத்துக்கு. அவமானம் உள்ளூர் மரத்துக்கு.

ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் மண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். சுண்ணாம்புப் பாறையா, சரளையா, சரிவு எந்தத் திசை என்று. அந்தக் கணக்குப்படி எங்கள் மண்ணின் பானம் பரணியில் இருந்ததல்ல. இரும்பு ஏறிச் சிவந்த தேரிமணலுக்குள் வேரை இறக்கி, மழை பொய்த்த வருஷத்திலும் பாளை விடுகிற மரத்தின் நீர்தான் அது. காலையில் ஒரு ருசி, மதியம் ஒரு ருசி. புட்டியில் அடைத்து ஊர் கடத்த முடியாது. மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த காலம். கேரளத்துக் கடையில் தென்னங்கள் குடித்திருக்கிறேன். வெளிநாட்டு நண்பர் ஒருவர் வீட்டில் போர்தோ ஒயினும் கிடைத்தது. துவர்ப்பை வைத்து அவர் மண்ணைச் சொன்னார். கம்பத்துப் பழத்தின் மணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நானும் சொல்லிவிடுவேன். என் பூட்டன் எந்த ருசிக்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாரோ, அந்தத் தேரிப் பனங்கள்ளை மட்டும் நான் ஒரு மிடறு குடித்ததில்லை.