நிழல் ரூட்

மந்தைவெளியிலிருந்து அடையாறு காந்தி நகருக்குப் போக எத்தனை வழி? செல்போனைக் கேட்டால் பட்டென்று இரண்டு, மூன்று நீலக்கோடு போட்டுக் காட்டுகிறது. எல்லாமே கார்க்காரன் கண்ணோட்டத்தில் போட்ட கோடு. எந்த வழியில் வெயில் கம்மி, எங்கே பஸ் அணைக்கும், எந்த இடத்தில் சாக்கடை மூடியின் கம்பி, சைக்கிள் டயர் சிக்குகிற மாதிரி நீளவாக்கில் இருக்கிறது... இதெல்லாம் அதற்குத் தெரியாது. நேற்று வரை எனக்கும் தெரியாது.

கேள்வியைக் கிளப்பியது என் மகள். எட்டாம் வகுப்பு. இனிமேல் வேன் வேண்டாம், சைக்கிளில்தான் ஸ்கூலுக்குப் போவேன் என்று ஜூன் மாதமே ஆரம்பித்துவிட்டாள். ''மூணு கிலோமீட்டருக்கு நாப்பது நிமிஷம்ப்பா! ஊரெல்லாம் சுத்தி எல்லாரையும் ஏத்திட்டுப் போறாங்க.''

பி.காம். படித்தவனுக்கு முதலில் தோன்றுவது கணக்குதான். வேனுக்கு வருஷத்துக்குக் கட்டுகிற பணத்தில் நல்ல சைக்கிளாகவே இரண்டு வாங்கலாம். நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டார். ''மொதல்ல நீங்க ஒரு மாசம் அதே நேரத்துக்கு ஓட்டிப் பாருங்க. முழுசா வீட்டுக்கு வந்தா பேசலாம்.''

மாடிப்படிக்கு அடியில் கிடந்த என் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டயரை விரலால் சுண்டிப் பார்த்தார். கல் மாதிரி சத்தம் வந்தது. ''ரெண்டு டயர், ரெண்டு டியூப், பிரேக் கட்டை நாலு, அப்புறம் ஓவராயில் பண்ணிடலாம் சார். பெல்லு மட்டும் நல்லாருக்கு'' என்றார்.

முதல் வாரம் நேர் வழி. ஆர்.கே. மட் சாலையில் இறங்கி திரு.வி.க. பாலம் வழியாக அடையாறு. மெட்ரோ ரயில் வேலைக்காக அடித்த தகரத் தடுப்புகளுக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே எனக்கென்று மிஞ்சியது சுமார் இரண்டரை அடி. அதிலும் எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர் வரும். 1973-ல் கட்டிய பாலத்தில் ஏறும்போதுதான் அது மேடு என்பதே காலுக்குத் தெரிகிறது. இத்தனை வருஷமாக பைக்கில் அதே பாலத்தைக் கடந்திருக்கிறேன், மேடாவது ஒன்றாவது!

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. பாலத்தின் உச்சியில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் ஆறு அகன்று கடலைப் பார்த்துப் போகிறது. இந்தக் கரையில் தொல்காப்பியப் பூங்கா, அந்தக் கரையில் பிரம்மஞான சபையின் காடு. 1882-ல் சபை இங்கே குடி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நிலம் சேர்த்து வளர்த்த தோப்பு. உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்றைக்கும் மரமாக நிற்கின்றன. இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு ஏர்ஹாரன். கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அன்று இரவு டைரியில் வரவு, பற்று எழுதினேன். வரவில் ஆறு. பற்றில் உயிர். பேலன்ஸ் ஷீட் ஒத்துவரவில்லை.

இரண்டாவது வாரம் சுற்று வழி. ராஜா அண்ணாமலைபுரத்து உள் தெருக்கள், போட் கிளப், டர்ன்புல்ஸ் ரோடு, கோட்டூர்புரம் பாலம், காந்தி மண்டபம் சாலை, அப்புறம் சர்தார் படேல் சாலை. தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் இதற்கு நான் வைத்த பெயர் 'நிழல் ரூட்'.

போட் கிளப் பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் கை கோத்துக்கொண்டு நிற்கும். அங்கே குடியிருப்பவர்கள் யாரும் சைக்கிளில் போகிறவர்களாகத் தெரியவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் அவர்கள் வீட்டு வாட்ச்மேன்களும் பேப்பர் போடும் பையன்களும்தான். பாலம் தாண்டினால் கோட்டூர்புரம். 2015 டிசம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்த ஏரியா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் 2006-ல் ஆரம்பித்து ஒரு மரப் பூங்காவை வளர்த்திருக்கிறார்கள். வளர்த்த அமைப்பின் பெயரும் 'நிழல்'. என் ரூட்டுக்குப் பேர் வைத்த பிறகுதான் இது ஞாபகத்துக்கு வந்தது.

அங்கிருந்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் கோளரங்கத்தையும் தாண்டினால் சர்தார் படேல் சாலை. எதிரே காடு. நிஜமான காடு. நம் ஊர்க்காரர்களுக்கு கிண்டி என்றால் பாம்புப் பண்ணையும் சிறுவர் பூங்காவும்தான். ஆனால் இதன் சொத்து விவரம் சுவாரசியமானது. ஒரு வெள்ளைக்காரரின் தோட்டமாக இருந்ததை 1821-ல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் ஒதுக்குக் காடாக அறிவித்தபோது 505 ஹெக்டேர். பிறகு ஐ.ஐ.டி.க்கு ஒரு பெரிய துண்டு, தலைவர்களின் நினைவிடங்களுக்குக் கொஞ்சம், அதற்குக் கொஞ்சம், இதற்குக் கொஞ்சம் என்று போய், 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 270. எங்கள் பாஷையில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். ஆனால் மெஷினுக்குத்தான் தேய்மானம் எழுதுவார்கள், நிலத்துக்கு எழுத மாட்டார்கள் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஐ.ஐ.டி.யையும் குறை சொல்ல முடியாது. 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு வந்தவர்கள் மரங்களுக்கு இடையிலேயே கட்டிக்கொண்டார்கள். மாணவர்களுக்கு உள்ளே மோட்டார் வண்டி கிடையாது, சைக்கிள்தான். புள்ளிமான் குறுக்கே போனால் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். சென்னையிலேயே சைக்கிள் ஓட்டத் தோதான ரோடு மதிலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே இருக்கும் நமக்கு மதில் மேல் எட்டிப் பார்க்கும் கிளைகளின் நிழல். அதிலும் 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயல் நிறையக் கிளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குப் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை என்று சில இடங்களில் மண்டை சொல்கிறது.

மண்டை என்றதும் ஹெல்மெட். அதை வாங்க ஒரு சனிக்கிழமை தி.நகருக்கும் சைக்கிளிலேயே போனேன். தி.நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக்கும் இல்லை வியூவும் இல்லை. அன்று மழை. துரைசாமி சுரங்கப்பாதை அருகே பெடல் முங்கியபோது ஏரி எங்கேயும் போகவில்லை என்று தெரிந்தது. மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்றே 2014-ல் மாநகராட்சி ஒரு கொள்கை போட்டது. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்தது. நடக்கிறவனுக்கு நல்ல காலம். சைக்கிள்காரனுக்கு இன்னும் அந்த இரண்டரை அடிதான்.

நிழல் ரூட்டில் தினமும் காலையில் கோட்டூர்புரம் பாலத்தில் எதிர்ப்படுகிற இரண்டு பெண்களைச் சொல்லவில்லையே. பச்சை ரிப்பன், இரட்டைப் பின்னல். ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுக்கும் சைக்கிள். பேசிக்கொண்டே, பஸ்ஸையும் காரையும் சட்டை செய்யாமல் வருவார்கள். இவர்கள் ஸ்கூலுக்குப் போகலாமா வேண்டாமா என்று யாரும் ஒரு மாசம் ஆராய்ச்சி செய்திருக்க மாட்டார்கள். வேறு வழி இல்லை, போகிறார்கள். என் மகளின் ஆசையும் அவர்களின் அவசியமும் ஒரே பாலத்தில் எதிரும் புதிருமாகப் போவதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மகளையும் கூட்டிக்கொண்டு பெசன்ட் அவென்யூவில் போனேன். பிரம்மஞான சபை மதிலை ஒட்டிய ரோடு. கிளி சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியே ஊரூர் குப்பம் போய், உடைந்த பாலம் வரைக்கும் மண் தடத்தில் தள்ளிக்கொண்டே போனோம். 1967-ல் கட்டி 1977-ல் உடைந்த பாலம். குப்பத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், ''பாப்பா, சீட்டைக் கொஞ்சம் எறக்கி வெச்சுக்க, கால் எட்டல பாரு'' என்றார். ஒரு மாதமாகக் கூடவே இருக்கிற என் கண்ணில் அது படவில்லை.

மாதக் கடைசியில் என் அறிக்கை தயார். நேர் வழி கூடாது, நிழல் ரூட் தேவலை, மத்திய கைலாஷ் சிக்னல் மட்டும் ஆபத்து. மனைவி படித்துவிட்டு ''ஆபத்துன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே'' என்று மூடி வைத்தார்.

அப்போதுதான் புதுக்கோட்டையிலிருந்து என் மாமியார் வந்தார். விஷயத்தைக் கேட்டு மகளைப் பார்த்துச் சிரித்தார். ''ஏண்டி, நீ எதுல உக்காந்து பள்ளிக்கூடம் போனேன்னு மறந்துபோச்சா?''

1991, 92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது கற்றுக்கொண்டவர்களில் என் மாமியாரும் ஒருவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ''லேடீஸ் சைக்கிள் கெடைக்கல மாப்பிள்ளை. அவுக அப்பா சைக்கிள்தேன். அதுவும் நல்லதுதேன், முன்னாடி பாருல இவளை ஒக்கார வெச்சுக்கலாம்ல. விழுந்தோம், எந்திரிச்சோம். ரோட்டுல நின்னு சிரிச்ச ஆம்பளையெல்லாம் உண்டு.''

''அம்மா, அங்க பஸ்ஸு ஒரு மணிக்கு ஒண்ணு வரும். இங்க நிமிஷத்துக்கு நாலு'' என்றார் மனைவி. நியாயமான பாயின்ட்தான். மாமியார் யோசித்தார். ''அப்ப அந்த சிக்னல்ல மட்டும் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகட்டும். எறங்குனா என்ன, கெரீடம் கொறஞ்சா போயிரும்?''

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமையிலிருந்து நிழல் ரூட். முதல் இரண்டு வாரம் முப்பதடி பின்னால் நானும் போனேன். பெல் அடிக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஸ்கூல் தெரு முனையில் திரும்பிவிட வேண்டும் என்பது மகள் போட்ட கண்டிஷன். இப்போது தனியாகத்தான் போகிறாள். கோட்டூர்புரம் பாலத்தில் அந்த இரட்டைப் பின்னல் பெண்கள் கை காட்டுகிறார்களாம், இவளும் காட்டுகிறாளாம். பாலத்தில் ஒரு கையை எதற்கு விடுகிறாய் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.