வந்தாரும் வந்தாளும்

என் நாவலுக்குப் புரூப் திருத்திக்கொண்டிருந்த மகள் திடீரென்று நிமிர்ந்தாள். "அப்பா, முதல் அத்தியாயத்தில் 'டாக்டர் வந்தார்'. ஐந்தாம் அத்தியாயத்தில் 'லேடி டாக்டர் வந்தாள்'. இரண்டு பேருக்கும் படிப்பு ஒன்றுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியது 1912-இல். நூறு ஆண்டுக்கு மேலாகியும் என் பேனா அந்த 'லேடி'யை விடவில்லை! இத்தனைக்கும் ஆசிரியர், மருத்துவர், நடத்துநர் என்று இருபாலுக்கும் பொதுவான 'அர்' விகுதி தமிழிலேயே இருக்கிறது. ஆனால் பெயரைப் பொதுவாக்கினால் மட்டும் போதுமா? மரியாதை வினைமுற்றில் அல்லவா ஒளிந்திருக்கிறது!

'லேடி'யை அடித்தேன். 'வந்தாள்', 'வந்தார்' ஆயிற்று.

"சரிதானே, அம்மா?" என்றேன்.

மகள் சிரித்தாள். 'சிரித்தார்' என்று எழுதக் கை வரவில்லை. அது பாசத்தின் ஒருமை.