வீட்டுக்குள் ஒரு நெய்தல்

கடல் தமிழருக்குப் புதியதன்று. கடலையும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் எனத் தனித் திணையாக வகுத்தவர்கள் நாம். பவளத்தை நவமணிகளுள் ஒன்றாகப் போற்றியவர்களும் நாமே. ஆயினும், இலக்கிய வகுப்பில் நாம் கற்பிக்கும் பவளம் வேறு. கடலடியில் பாறையாக வளரும் பவளம் வேறு. அணிகலனாகும் செம்பவளம் பண்டு மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. முசிறியில் வந்திறங்கிய பொருள்களுள் பவளமும் ஒன்று எனக் கிரேக்க நூலாகிய பெரிப்ளூஸ் கூறுகிறது. பாறை கட்டும் பவளமோ நம் நாட்டுத் தீவுகளைச் சுற்றி இன்றும் உயிரோடு வாழ்வது. அதனை ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முற்பட்ட கதையை ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

என் துணைவியாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து சில ஆண்டுகளாகின்றன. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இயந்திரத்தின் துணையால் அவருடைய இரத்தம் தூய்மை செய்யப்படுகிறது. திருமணமான புதிதில், 1997ஆம் ஆண்டில், கெடா மாநிலத்தின் பாயார் தீவுக்கு நாங்கள் சென்றிருந்தோம். படகின் ஓரத்தில் குனிந்து, தெளிந்த நீருக்கடியில் பவளங்களைக் கண்டு அவர் வியந்தது என் நினைவில் உள்ளது. “இனி நான் தீவுக்கெல்லாம் எங்கே போகப் போகிறேன்?” என்று ஒருநாள் வெகு இயல்பாகச் சொன்னார். அச்சொல் என்னை விடவில்லை. பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே உள்ள நிலையில், சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக் கடல்நீர்த் தொட்டி அமைக்கத் துணிந்தேன்.

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என அளவு வகுத்தோம். மேல்விளிம்பில் சட்டமோ குறுக்குப் பட்டையோ வேண்டா என்பது என் விருப்பம். படகிலிருந்து குனிந்து பார்ப்பதுபோல் அவர் மேலிருந்தும் பார்க்க வேண்டுமல்லவா? ஆனால் சட்டம் இல்லையெனில் நீரின் தள்ளுவிசை முழுவதையும் கண்ணாடியும் சிலிக்கன் பசையுமே தாங்கியாக வேண்டும். நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததன்று. இரண்டடி ஆழத்துக்கு நீளப்பக்கக் கண்ணாடியை நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமம். ஆகவே 15 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தோம். நீர், கண்ணாடி, கல், தாங்குமேசை யாவும் சேர்ந்து 600 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், கீழ்த்தளத்தின் கான்கிரீட் தரையில் இடம் ஒதுக்கினோம். நீர்மட்டக் கருவியால் மேசையைச் சமன் செய்து, அடியில் மெல்லிய நுரைவிரிப்பு இட்டு, பசை நன்கு இறுகியபின் ஒரு வாரம் வெறும் நீர் நிரப்பிச் சோதித்தோம். ஒரு துளியும் கசியவில்லை.

அடுத்தது நீர். குழாய்நீரில் உள்ள குளோரின் கடலுயிர்களுக்கு ஆகாது. நுண்சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்தித் தூய்மையாக்க வேண்டும். அக்கருவியை விளக்க நான் தொடங்கியதும், “எங்கள் சிகிச்சை நிலையத்திலும் இதே முறைதான்” என்றார் துணைவியார். அன்று முதல் நீர்க்கணக்கு அவர் பொறுப்பாயிற்று. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 400 லிட்டருக்கு 14 கிலோ. திறந்த தொட்டியிலிருந்து நாள்தோறும் நான்கைந்து லிட்டர் நீர் ஆவியாகிறது. நீர் போகும், உப்பு தங்கும். ஆதலால் குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவிலேயே பருக அனுமதியுள்ள அவர், தம் உடல் எடையைக் குறிக்கும் ஏட்டின் மறுபக்கத்தில் தொட்டி குடித்த நீரையும் எழுதலானார்.

பிறகு வந்தது காத்திருப்பு. மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா அவற்றுக்கே நஞ்சு. கற்களில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஓர் இறால் துண்டை நீரில் அழுகவிட்டு நாங்கள் காத்திருந்தோம். இதனைக் கேட்ட துணைவியார், “அப்படியானால் இந்தக் கல்தான் இதற்குச் சிறுநீரகமா?” என்றார். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

2023ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த உறவினர்கள் கல்லையும் நீரையும் மட்டுமே கண்டார்கள். “கல்லுக்கா மாமா இவ்வளவு கரண்டு?” என்று ஒருவர் நகைத்தார். “கல் இன்னும் வேலை கற்றுக்கொள்ளவில்லை தம்பி, அதுவரை மீன் கிடையாது” என்று துணைவியாரே விடையிறுத்தார். முதலாம் ஆண்டு மாணவர் எழுத்துக் கூட்டத் தொடங்குமுன் கழியும் மாதங்களை அறிந்த ஆசிரியர் எவருக்கும் அவ்விடையின் பொருள் விளங்கும்.

நைட்ரைட் முற்றிலும் மறைந்த பின்னரே மீன்களும், சில மாதங்கள் கழித்துப் பவளங்களும் வந்தன. நம் கடற்பூங்காக்களின் நீர்ப்பரப்பு 1994இல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பின் கீழ் உள்ளது. அங்கே பவளத்தைத் தொட்டெடுப்பது குற்றம். ஆகவே வளர்ப்பகங்களில் வெட்டி ஒட்டி வளர்க்கப்பட்ட சிறு துண்டுகளையே வாங்கினோம். பவளம் ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஒளியைக்கொண்டு உணவு சமைத்து ஊட்டுகிறது. பவளம் அதற்கு இருப்பிடம் தருகிறது. நீர் அளவுமீறிச் சூடேறினால் இந்த உறவு முறிந்து, பாசி வெளியேற, பவளம் வெளுத்துப்போகும்.

2024இல் ஓர் இரவு மின்சாரம் நின்றது. நீரோட்டமும் குளிர்விப்பானும் நின்றன. மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாயை இட்டு, விசிறியால் நீர்ப்பரப்பை வீசியபடி நான் அமர்ந்திருந்தேன். மறுநாள் காலை சிகிச்சைக்குச் செல்ல வேண்டியவர் உறங்கச் செல்லவில்லை. “இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது நீரின் வெப்பம் 28 பாகை. ஓர் உயிரும் மடியவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில், உலகப் பவளப் பாறைகள் நான்காம் முறையாகப் பரவலாக வெளுத்துவருவதாக அமெரிக்கக் கடலாய்வு அமைப்பு அறிவித்தது. எங்கள் தொட்டியோ 26 பாகையில் இனிது தழைத்தது. அதனைக் குளிர்விக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துப் பெறுவது என்பது என் நெஞ்சை உறுத்துகிறது. ஆதலால் வீட்டில் மற்ற மின்செலவைச் சுருக்கினோம்.

தொட்டி என் துணைவியாரின் நோயைத் தீர்க்கவில்லை. இன்றும் வாரம் மூன்று நாள் சென்று வருகிறார். திரும்பியதும் களைப்போடு நாற்காலியில் சாய்ந்து நீரைப் பார்ப்பார்; ஏட்டில் அளவைக் குறிப்பார். சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளி மாணவர் சிலர் வந்து அவரிடம் உப்பளக்கக் கற்கின்றனர். அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, கடலுக்குக் குளிர்விப்பான் யார் வைப்பார்கள்?”

அவ்வினாவை உங்கள் வகுப்பறைகளுக்கும் அனுப்பிவைக்கின்றேன்.