குதிரைக்கும் கட்டம் உண்டு!

'ஈ.சி.ஆர்.' என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடல், காற்று, இளநீர்... என் அக்காவுக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது.

காரணம், என் மருமான். வயது பத்தொன்பது. காலேஜில் பேர் இருக்கிறது, ஆள் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு நாமெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும்போது, இவன் நாலைந்து பையன்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ரேஸ் விட்டுக்கொண்டிருப்பான். போன மாசம் அந்தக் கோஷ்டியில் ஒருத்தனுக்குத் தொடையில் கம்பி வைத்தார்கள். "நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லுடா... ஆபீஸ் போறவன், நாலு பேரைப் பார்த்தவன்" என்று அக்கா போனில் அழுதாள். ஆபீசில் என் பேச்சை பியூன்கூடக் கேட்பதில்லை என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

அறிவுரை என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். அதனால், "சதுரங்கப்பட்டினம் போறேன், துணைக்கு வாடா" என்றேன். ஒரே நிபந்தனை, பைக் கிடையாது, பஸ்! உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு வந்தான்.

சென்னையிலிருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம். மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்துக்குச் சற்று முன்னால் இறங்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் வாயில் இந்தப் பெயர் நுழையாமல் 'சத்ராஸ்' என்று சுருங்கிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் துணி. இந்தப் பக்கத்து நெசவாளிகள் நெய்த மெல்லிய மஸ்லினுக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி! அந்த வியாபாரத்துக்குக் காவலாகக் கட்டிய செங்கல் கோட்டை இன்றைக்கும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. தொல்லியல் துறை பராமரிக்கிறது. உள்ளே இடிந்த கிடங்குகள், டச்சு எழுத்துகள் செதுக்கிய கல்லறைகள்.

"இங்க என்ன மாமா இருக்கு?"

"சரித்திரம்டா."

"டவர் இருக்கா?"

நான் விடவில்லை. "1782 பிப்ரவரி 17. இதோ இந்தக் கடல்லதான் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் இங்கிலீஷ் தளபதி ஹியூஸும் கப்பல் கப்பலா மோதினாங்க."

"யாரு ஜெயிச்சா?"

"யாருக்கும் தீர்மானமான வெற்றி இல்லை."

"அதுக்கு எதுக்கு மாமா ரேஸ் விட்டாங்க?" என்றான். நான் அவனைக் கேட்க நினைத்திருந்த கேள்வி!

கோட்டையை விட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். மீன்பிடி படகு ஒன்று அலைக்குக் காத்திருந்து, சரியான நேரத்தில் சர்ரென்று கரையேறியது. பக்கத்தில் இரண்டு பொடியன்கள் உடைந்த பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, உருண்டு வரும் அலைமேல் குப்புறப் படுத்தபடி வழுக்கி வந்தார்கள். என் மருமான் செல்போனைப் பையில் போட்டான். அன்றைக்குக் காலையிலிருந்து அதுதான் முதல் தடவை.

"சூப்பர் பேலன்ஸ் மாமா!"

ஆஹா, வாடா வழிக்கு! "இதே மாதிரி ஜன்னல் பலகையில ஆரம்பிச்ச ஒருத்தரைப் பத்திச் சொல்லட்டா?" என்றேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் சொன்ன கதை அது. இதே சாலையில் சென்னைக்குப் போகிற வழியில் கோவளம் இருக்கிறதல்லவா? அங்கே மூர்த்தி மேகவன் என்று ஒரு மீனவர். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனவர். பலகையில் அலை விளையாடியவர், பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் நிஜமான சர்ஃபிங் பலகையைக் கடன் வாங்கிப் பழகினார். தான் கற்றதை ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'கோவ்லாங் பாயின்ட்' சர்ஃபிங் பள்ளி. 2013-லிருந்து பெரிய சர்ஃபிங் விழாவே நடத்தினார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜான்டி ரோட்ஸ்கூட வந்து அலையேறிவிட்டுப் போனார்!

இதில் முக்கியம் ஃபீஸ். ஊர்ப் பையன்களிடம் காசு வாங்குவதில்லை. அதற்குப் பதில் நிபந்தனை: குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. கடற்கரை ஊர்களில் சாராயம் எத்தனை குடும்பத்தைத் தின்றிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஃபீஸ் எவ்வளவு பெரியது என்று புரியும்.

கேரளத்திலும் ஒரு கோவளம் இருக்கிறதே, அங்கேயும் இதே கதை. ஏழைக் குழந்தைகளுக்காக நடக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் சர்ஃபிங் கிளப்பில் சட்டம் ஒரே வரிதான்: பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பலகை இல்லை! அந்தக் கிளப்பில் வளர்ந்தவர் ரமேஷ் புடிஹால். பிழைப்புத் தேடி கர்நாடகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தது. எங்கே? நம்ம மாமல்லபுரத்தில்! அதில் வெண்கலம் வாங்கினார் ரமேஷ். ஆசியப் போட்டியில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் தனிநபர் பதக்கம் அது. மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண் கமலி மூர்த்தியும் இதே கடலில் விளைந்தவர்தான். அவரைப் பற்றிய குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுப் பட்டியல்வரை போனது.

மருமான் கேட்டுக்கொண்டே வந்தவன், "எனக்குக் கடலெல்லாம் வேணாம் மாமா. எனக்கு ஸ்பீடுதான் வேணும். கார்ட் ரேஸ்னா ஓகே" என்றான்.

நியாயம்தான். லண்டனில் கார் திருடி மாட்டிய பையன்களைப் பழைய கார்களைப் பழுது பார்க்க வைத்து, அதே கார்களில் ரேஸ் ஓட்டவும் விட்ட 'இல்டர்டன் மோட்டார் திட்டம்' ஒன்று இருந்தது. வேகத்தைத் தடுக்காமல், வேகத்துக்கு ஒரு களம் கொடுத்தார்கள். நமக்கும் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர்தான். ஆனால் வண்டி, டயர், பெட்ரோல், மெக்கானிக்... அதற்கெல்லாம் அப்பா பணக்காரராக இருக்க வேண்டும். என் அத்திம்பேர் ரிட்டயர்டு குமாஸ்தா. அலைக்குப் பெட்ரோல் வேண்டாம் பாருங்கள்!

கோவளத்தில் இறங்கினோம். மருமானை ஒரு பயிற்சியாளரிடம் ஒப்படைத்தேன். (வெளியூர் ஆளுக்கு ஃபீஸ் உண்டு. என் பர்ஸ் கொஞ்சம் விசும்பியது.) முப்பது வயது இருக்கும். கறுத்து மின்னிய உடம்பு. முதலில் மணலிலேயே படுக்க வைத்து, கையால் துடுப்புப் போட்டு, சட்டென்று எழுந்து நிற்கப் பழக்கினார். பலகைக்கும் கணுக்காலுக்கும் ஒரு கயிறு.

"சார், நான் பைக்ல நூத்துப் பத்து போவேன்" என்றான் மருமான்.

"சரி தம்பி. இங்க அலை எவ்வளவு போகுதோ அவ்வளவுதான் போவீங்க" என்றார் அவர்.

இருபது தடவை விழுந்தான். நான் எண்ணினேன். இருபத்தோராவது தடவை இரண்டு விநாடி நின்றான். கரையிலிருந்த மீனவப் பொடியன்கள் கைதட்டினார்கள். அவன் முகத்தில் வந்த சிரிப்பை அக்கா பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும்.

டீ குடிக்கும்போது பயிற்சியாளர் போட்டியைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு மார்க். எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டுதான் கணக்கு. "இன்னொருத்தர் ஏறி வர்ற அலையில குறுக்க புகுந்தா மார்க் போயிடும் தம்பி. எவ்வளவு திறமை இருந்தாலும் சரி."

மருமான் டீ கிளாஸையே பார்த்தான். ஈ.சி.ஆரில் குறுக்கே புகுகிறவன்தானே ஹீரோ! தொடையில் கம்பியோடு படுத்திருக்கும் சிநேகிதன் ஞாபகம் வந்ததோ என்னவோ.

இந்தக் கடற்கரைக்கு அலை புதிதில்லை. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் நடுவே இருந்த முரட்டு அலைகளைத் தாண்டி மனிதர்களைக் கொண்டு சேர்த்தவை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசுலா படகுகள். கடிதங்களைக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். அந்தச் சொல்லைத்தான் இங்கிலீஷ்காரன் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டான். அத்தனை வித்தையும் வெறும் வயிற்றுப்பாடு என்று நினைத்திருந்தோம். அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு "இது திறமைடா" என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ராத்திரி பஸ். மருமான் முட்டியில் சிராய்ப்பு, காதெல்லாம் உப்பு. தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"மாமா... அந்த சார் 'என்ன படிக்கறே'ன்னு கேட்டார். செகண்ட் இயர்னு சொல்லிட்டேன்."

"சரி."

"அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பணம் கட்டிச் சரி பண்ணலாமாமே... எவ்வளவு ஆகும்?"

என் பர்ஸ் மறுபடி விசும்பியது. ஆனால் இந்தத் தடவை சந்தோஷமாக.

அவன் திருந்திவிட்டான் என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் யாரும் திருந்துவதில்லை. சொன்னது இதுதான்: சதுரங்கத்தில் மற்ற காய்களைத் தாண்டிக் குதிக்கிற ஒரே காய் குதிரை. அதன் குதிப்பை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அதுவும் தனக்குரிய கட்டத்தில்தான் இறங்கியாக வேண்டும். நம்ம பையனுக்கு வேண்டியது ஒரு கட்டம். அங்கே அவனுக்காகக் காத்திருக்க ஓர் ஆள்.

அடுத்த ஞாயிறும் அவன் நாலரைக்கு எழுந்தான். இந்த முறை பஸ் பிடிக்க. நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. துணைக்கு நானும் வரவேண்டுமாம். அதுதான் கொஞ்சம் இடிக்கிறது!