இடம் பெயர்ந்த ருசி

எண்ணெயும் காரமும் எங்கள் விருதுநகர்ச் சீமையின் பிறவிச் சொத்துக்கள். மொறுமொறுவென்று பொரித்தெடுத்த எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூர்க் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஆகிய அனைத்தும் எங்கள் ஊரான ஆனைக்குட்டத்திலிருந்து பஸ் ஏறினால் கிட்டிவிடுகிற தூரத்தில் இருப்பவை. 1916-இல் காளிமார்க் குளிர்பானக் கம்பெனி விருதுநகரிலேயே பிறந்தபடியால், பாட்டிலில் அடைத்த கலரும் வந்த விருந்தாளிக்குச் செய்யும் மரியாதைகளில் ஒன்றாகி நெடுநாளாயிற்று. ஆயினும் இவையெல்லாம் சந்தை நாளுக்கும் கோயில் பொங்கலுக்கும் உரியனவாக இருந்த காலத்தில், அன்றாட ஆகாரமாகக் கரிசல் பூமி கொடுத்தது கம்பும் சோளமும் குதிரைவாலியுமே. அந்த வரம்பு இன்று அழிந்துவிட்டது. ஆலை வேனுக்காகப் பட்டாசுத் தொழிலாளர் காத்து நிற்கும் விடியற்காலையிலேயே, பெட்டிக்கடையின் முகப்பில் சரவெடியைப் போல வரிசையாய்த் தொங்கும் ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள், பசி வருவதற்கு முன்பே கையை நீட்டச் செய்கின்றன.

இரத்த அழுத்தம் குறையவேண்டும் என்று வைத்தியர் சொன்ன யோசனைப்படி, நானும் பொட்டலங்களையும் கலரையும் விலக்கிக் கம்மங்கூழுக்கும் குதிரைவாலிச் சோற்றுக்கும் திரும்பியபோது, முதலில் அனுபவித்தது ருசியின் வறட்சியைத்தான். எதை வாயில் வைத்தாலும் சப்பென்றிருந்தது. மாலை நான்கு மணியானதும், வயிற்றில் பசியின் சுவடே இல்லாமல், எதையாவது நொறுக்கவேண்டும் என்ற பரபரப்பு எழுந்து, வேலையில் மனத்தைச் செல்லவிடாது. வாரங்கள் சில கழிந்தபின், கூழின் மெல்லிய புளிப்பும், கடித்துக்கொண்ட சின்ன வெங்காயத்தில் காரம் அடங்கியபின் தங்கும் தித்திப்பும் ஒவ்வொன்றாகத் துலங்கலாயின. உறவினர் வீட்டில் உபசாரமாகத் தட்டில் கொட்டிய பொட்டலச் சேவிலோ உப்பைத் தவிர வேறொன்றும் நாவுக்குத் தட்டுப்படவில்லை. ஆசை மெல்ல இடம் பெயர்ந்து, வெயில் ஏறும் பதினோரு மணிக்கு, மெய்யான பசியின் கையைப் பிடித்துக்கொண்டு, மோர் விட்டுக் கரைத்த கூழின்மேல் வந்து நின்றது.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த விசேஷம் அன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மோனெல் நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், சிலரை ஐந்து மாதங்கள் உப்புக் குறைந்த ஆகாரத்தில் வைத்துப் பரீட்சித்து, சூப்பிலும் பிஸ்கட்டிலும் அவர்களுக்குப் பிடித்தமான உப்பின் அளவே இறங்கிவிட்டதை 1982-இல் எழுதினார்கள். இனிப்போ அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை: 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே பதார்த்தம் முன்னிலும் அதிகமாக இனித்ததேயன்றி, அவர்கள் விரும்பிய இனிப்பின் அளவு குறையக் காணோம். பால்கோவாவின் மீது எனக்குள்ள பிரீதி அப்படியே இருக்க, ஒரு விள்ளலே போதும் என்று மட்டும் ஆகியிருப்பதற்குக் காரணம் இதுதான் போலும். பொட்டலத்தை நாடுகிறவர்களை மன உறுதியற்றவர்கள் என்று தூஷிப்பதும் தகாது. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தார் 20 பேரைத் தங்கவைத்து, வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விட்டபோது, ஆலையில் மிகுதியும் பக்குவம் செய்த உணவை உண்ட இரண்டு வாரங்களில், அதே மனிதர்கள், பக்குவம் குறைந்த உணவை உண்ட மற்ற இரண்டு வாரங்களைக் காட்டிலும், நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்.

நாக்கு சம்மதித்தாலும் கை சம்மதிக்க வேண்டுமே! கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து உமி போக்கி, மறுபடியும் குத்தி நொய்யும் மாவுமாகப் பிரித்து, கொதிக்கும் உலையில் முதலில் நொய்யையும் பின்பு மாவையும் இட்டுக் கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி இறக்கி, ஆறியபின் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால்தான் மறுநாள் கூழ். மிக்ஸியும் மில்லும் பாதி வேலையை வாங்கிக்கொண்டன என்றாலும், நாளெல்லாம் வெடிமருந்தும் திரியும் புழங்கி, அந்தி சாயும் வேளையில் வேனைவிட்டு இறங்கும் ஒரு தாய் அதன்பின்னும் அடுப்பங்கரையில் இத்தனை நேரம் நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பிள்ளையின் கையில் அவள் வைக்கும் ஐந்து ரூபாய், அயர்ச்சி கொடுக்கச் சொன்ன ரூபாய். அவளால் முடியாததைப் பள்ளிக்கூடம் செய்யலாம்: விருதுநகரில் பிறந்த காமராஜரின் ஆட்சியில் மாநிலமெங்கும் விரிந்த பள்ளி மதிய உணவு, நாக்குப் பழகும் பருவத்துப் பிள்ளைகளை நாள்தோறும் ஒரே பந்தியில் உட்காரவைக்கிற மகத்தான ஏற்பாடு. அந்தப் பந்தியில் வாரத்தில் ஒரு நாளேனும் இந்தக் கரிசலில் விளைந்த குதிரைவாலிச் சோறும் கம்பங்களியும் பரிமாறப்படவேண்டும் என்பதே என் அபேட்சை.